மாத்திடலாம்ணா!

ஃபோர் வீல் டிரைவ் என்றால் டிவி விளம்பரத்தில் மலை உச்சியில் நிற்கும் வண்டிதான் பலருக்கு ஞாபகம் வரும். கீழ்பென்னாத்தூரில் கதையே வேறு. அந்த ஊரில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் முதலில் சேத்துழவுக்கு இறங்குகிற டிராக்டர். அடுத்து, அதே திருவண்ணாமலை மாவட்டத்தின் இன்னொரு கோடியில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஜவ்வாது மலை ஏறுகிற ஜீப். கடைசியில்தான் செஞ்சி ரோட்டில் ஏசி போட்டுக்கொண்டு பறக்கிற எஸ்யூவி. மூன்றுக்கும் விலை வேறு, முதலாளி வேறு, வேலையும் வேறு. ஆனால் அடியில் ஏதாவது சத்தம் கேட்டு பட்டறைக்குள் நுழைந்துவிட்டால் மூவருக்கும் கிடைக்கிற தீர்ப்பு ஒன்றேதான்.

"இன்னாணா பண்றது, டிரான்ஸ்பர் கேஸே போய்டுச்சு. செட்டோட மாத்திடலாம்ணா."

"இன்னாப்பா, போன மாசந்தான ஆயில் மாத்துன?"

"அது வேறணா, இது வேற."

உரையாடல் அதோடு முடிந்தது. வண்டிக்காரர் நகையை அடகு வைக்கலாமா, கறவை மாட்டை விற்கலாமா என்று யோசிக்கக் கிளம்பிவிடுவார். யாரும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. எந்தச் சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்க்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணி, தெருமுனை வரை ஒரு ரவுண்டு, அவ்வளவுதான் பரிசோதனை. டாக்டர் ஒருவர் நோயாளி இருமுவதைக் கேட்ட மாத்திரத்தில் "நுரையீரலை மாத்திடலாம்" என்றால் ஊரே கூடி அடிக்க வரும். மெக்கானிக் சொன்னால் மட்டும் தலையாட்டுகிறது.

பழுது என்னவென்று கண்டுபிடிக்காமல் பாகத்தை மாற்றுவதற்குப் பழுதுபார்த்தல் என்று பெயர் கிடையாது. அதன் பெயர் விற்பனை. இந்தப் பதிவின் வாதம் அவ்வளவுதான். கோபம் வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்து மிச்சத்தையும் படித்துவிட்டுத் திட்டலாம் :-)

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். அது ஒன்றும் பூதம் இல்லை. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை வாங்கி, ஒரு ஷாஃப்ட் வழியாகப் பின் அச்சுக்கும் இன்னொரு ஷாஃப்ட் வழியாக முன் அச்சுக்கும் அனுப்புகிற பெட்டி. பல வண்டிகளில் கியர்பாக்ஸின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மாருதி ஜிப்ஸியில் தனிக்குடித்தனம். கியர்பாக்ஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட் இருக்கும், பெட்டி ரப்பர் மவுண்டிங்குகளில் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஹை, லோ என்று இரண்டு விகிதங்கள். 1.3 லிட்டர் ஜிப்ஸியில் ஹை 1.409, லோ 2.268. அதாவது லோவில் போட்டால் அதே கியரில் வேகம் குறைந்து, இழுவை 1.6 மடங்கு ஆகிறது. சேற்றில் மாட்டிய வண்டி முக்கி முனகி வெளியே வருவது அந்த 1.6 மடங்கின் புண்ணியத்தில்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பிலும் இதே ஏற்பாடுதான். லோ விகிதம் 1.97. எண்பது வருடப் பழைய தொழில்நுட்பம். பல்சக்கரம், பேரிங், ஷாஃப்ட், ஆயில் சீல், லீவர் நகர்த்துகிற ஃபோர்க்கு. கைராட்டையைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைக்கு இது பிரம்ம ரகசியம் ஆகாது.

இந்தப் பெட்டியில் பார்ட்-டைம் வகைக்கு ஒரு முக்கியமான குணம் உண்டு. நாலு சக்கர இழுவையில் போட்டதும் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றோடொன்று பூட்டிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். ஆனால் வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் போகிற வட்டம் பெரியது, பின் சக்கரங்கள் போகிற வட்டம் சின்னது. முன்னது அதிகமாகச் சுற்றியாக வேண்டும். சேற்றிலோ மணலிலோ சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கை நேர் செய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. அந்த வித்தியாசம் முழுக்க ஷாஃப்டுகளிலும் பல்சக்கரங்களிலும் முறுக்காக ஏறும், ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி. ஸ்டீயரிங் கனக்கும், வளைவில் வண்டி தத்தும், லீவரை டூ வீலுக்குத் தள்ளினால் வராது.

"லீவர் மாட்டிக்கிச்சு" என்று பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பார்க்க வேண்டிய முதல் சந்தேகம் இதுதான். இது பழுதே இல்லை. நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து லீவர் தானாக வந்துவிடும். செலவு பூஜ்ஜியம். இந்த ஒரு விஷயத்தை வண்டி விற்கும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனையோ பெட்டிகள் தப்பித்திருக்கும். சாவி கொடுத்து, மாலை போட்டு, போட்டோ எடுக்க நேரம் இருக்கிறது. இதைச் சொல்ல மட்டும் நேரம் இல்லை.

அடுத்த சந்தேகம் டயர். இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். பெட்டியில் சத்தம் வந்தால் டயரைப் பார்க்கச் சொல்வதா? ஆமாம். ஒரு எளிய கணக்கு. முன்னால் புது டயர், ஆரம் 340 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பின்னால் தேய்ந்த டயர், 6 மில்லிமீட்டர் தேய்மானம், ஆரம் 334. புது டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 468 சுற்று சுற்றும். தேய்ந்தது 476. கிலோமீட்டருக்கு 8 சுற்று வித்தியாசம். ரோட்டில் டயர் நசுங்கி உருளும் விதத்தால் உண்மையில் இது இன்னும் குறையலாம், ஆனால் பூஜ்ஜியம் ஆகாது. நாலு சக்கர இழுவையில் நேர் ரோட்டில் போனாலும் அந்த வித்தியாசம் பெட்டிக்குள்தான் போய்ச் சேரும். எப்போதுமே நாலு சக்கரமும் இழுக்கிற ஆல் வீல் டிரைவ் கார்களில் இது இன்னும் மோசம். அங்கே பல்சக்கரத்துக்குப் பதில் கிளட்ச் தட்டுகள் ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், சூடாகும், தேயும். இரண்டு டயர் மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடித்தவர் பெட்டிக்குத் தண்டம் கட்டுகிற கதை இது.

டிராக்டர்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரில் முன் சக்கரம் சின்னது, பின் சக்கரம் பெரியது. முன் சக்கரங்கள் பின்னதைவிட ஒரு சில சதவீதம் முந்திப் போகிற மாதிரிதான் கம்பெனியே பல் எண்ணிக்கையை வைத்திருக்கும். முன் டயர் நிலத்தைப் பிடித்து இழுக்க அந்த முந்தல் தேவை. இப்போது முன் டயரை மட்டும் வேறு அளவில் போட்டால், அல்லது பின் டயர் மொட்டையாகும் வரை ஓட்டினால், அந்தக் கணக்கு கலைந்துவிடும். போதாக்குறைக்கு உழவு முடிந்து, கரும்பு டிரெய்லரை மாட்டிக்கொண்டு, லீவரை எடுக்காமலே தார் ரோட்டில் இருபது கிலோமீட்டர் ஓட்டினால் முன் டயர் தேயும், முன் அச்சுக்குப் போகிற கியர் அழும். பிறகு "கம்பெனி வண்டி சரியில்லை" என்று டீக்கடையில் பேச்சு. ஓட்டியவர் செய்ததை ஓட்டியவர் ஒத்துக்கொள்ள வேண்டாமா?

சரி, முறுக்கும் இல்லை, டயரும் சரி. அப்போதும் பெட்டியைக் கழற்றக் கூடாது. முதலில் கேள்வி கேட்க வேண்டும். சத்தம் எப்போது வருகிறது? டூ வீலிலும் வருகிறதா, நாலு சக்கரத்தில் போட்டால் மட்டுமா, லோவில் மட்டுமா? ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதா, விடும்போதா? திரும்பும்போது மட்டுமா? இந்த நாலு கேள்விக்கே பாதி நோய் பிடிபட்டுவிடும். இழுவை மாறினாலும் சத்தம் மாறவில்லை, வேகத்தோடு மட்டும் கூடிக் குறைகிறது என்றால் வீல் பேரிங்கையும் டயரையும் டிஃபரன்ஷியலையும் சந்தேகிக்க வேண்டும். கிளம்பும்போது ஒரே ஒரு "தடக்" என்றால் ஷாஃப்டில் இருக்கிற கிராஸ் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம், ஸ்லிப் ஜாயின்ட் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கலாம், மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கலாம். கையால் ஷாஃப்டைப் பிடித்து முறுக்கிப் பார்த்தாலே ஆட்டம் தெரியும். லோவில் போட்டால் லீவர் துள்ளி வெளியே வருகிறது என்றால் முதலில் வெளியே இருக்கிற லிங்கேஜ் அட்ஜஸ்ட்மென்ட், பிறகுதான் உள்ளே இருக்கிற ஃபோர்க்கும் ஸ்பிரிங்கும். பட்டன் அமுக்கி நாலு சக்கரம் போடுகிற வண்டியில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்து ஏறவில்லை என்றால் ஃபியூஸ், ஒயரிங், பேட்டரி வோல்டேஜ், ஷிஃப்ட் மோட்டார், சில வண்டிகளில் வேக்கம் குழாய். இதில் எதற்கும் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

பலத்தோடு இழுக்கும்போது நாலு சக்கரத்தில் மட்டும் "டக் டக்" என்று பல் தாண்டுகிற சத்தம் வந்தால் உள்ளே இருக்கிற செயின் நீண்டிருக்கலாம். ஆனால் செயின் எல்லாப் பெட்டியிலும் கிடையாது. வில்லிஸிலும் ஜிப்ஸியிலும் முழுக்கப் பல்சக்கரம்தான். ஜிப்ஸியைக் குனிந்து பார்த்துவிட்டு "செயின் போச்சுணா" என்று ஒருவர் சொன்னால், வண்டியை அங்கிருந்து எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவது உத்தமம்.

அப்புறம் ஆயில். ஆயில்தான் பெட்டியின் ரத்தப் பரிசோதனை. அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். கீழே இருக்கிற டிரெயின் பிளக்கைத் திறப்பதற்கு முன் மேலே ஊற்றுகிற பிளக்கைத் திறந்துவிட வேண்டும். ஏன்? கீழே வடித்துவிட்டு மேலே உள்ளது துருப்பிடித்துத் திறக்கவே மாட்டேன் என்றால் வண்டி அங்கேயே சிறை. வந்த ஆயிலைப் பக்கெட்டில் பார்த்தால் பேசும். பிளக்கின் காந்தத்தில் மை மாதிரி சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம், பயம் இல்லை. ஊசி ஊசியாக, செதில் செதிலாக இரும்பு இருந்தால் பேரிங்கோ பல்லோ உடைந்திருக்கிறது. பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கருகிய வாசனை என்றால் சூடு. அளவு குறைவு என்றால் எங்கே போனது என்று தேட வேண்டும். சில வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயில் நடுவில் இருக்கிற சீலைத் தாண்டி டிரான்ஸ்பர் கேஸுக்குள் வந்துவிடும், ஒன்று வற்றும், ஒன்று நிரம்பும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்ப்பது அரைகுறை வேலை.

எந்த ஆயில் என்பதும் விளையாட்டில்லை. சில பெட்டிகளுக்கு கெட்டியான கியர் ஆயில், சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றுகிற மெல்லிய திரவம், கிளட்ச் தட்டு இருக்கிற கார்களுக்கு அதற்கென்றே ஒரு தனித் திரவம். மேனுவலில் ஒரு வரியில் எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் "எல்லாம் ஒண்ணுதாணா" என்று டிரம்மில் இருப்பதை ஊற்றுகிறவர் இருக்கிறாரே, அவர் அடுத்த வருடத்துப் பெட்டிக்கு இப்போதே ஆர்டர் எடுக்கிறார் என்று அர்த்தம்.

ஒழுகலைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. சீல் ஒழுகும், புது சீல் போடுவார்கள், இரண்டு மாதத்தில் மறுபடி ஒழுகும், மறுபடி சீல். மூன்றாவது தடவை "ஹவுசிங்கே போச்சு, மாத்திடலாம்ணா." பெட்டியின் தலையில் பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். உள்ளே ஆயில் சூடாகிக் காற்று விரியும்போது அது வெளியே போக வழி. அந்தத் துளையில் சேறு அடைத்துக்கொண்டால் காற்று போக இடமில்லாமல் அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில், அதாவது சீல் வழியாக, ஆயிலைப் பிதுக்கும். வயல் சேற்றில் உழைக்கிற வண்டிக்கு இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு துண்டுக் கம்பியும் கொஞ்சம் டீசலும் போதும், அடைப்பு போய்விடும். சீலைத் திரும்பத் திரும்ப மாற்றுகிறவர் மேலே ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். பழைய ஜீப்புகளில் இதற்கு உயிர் ஆபத்தும் உண்டு. வில்லிஸ் வகையில் ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்பர் கேஸின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. பின் சீல் ஒழுகினால் ஆயில் நேராக அந்த டிரம்முக்குள். மலைச் சரிவில் ஹேண்ட் பிரேக்கை நம்பி நிறுத்திய ஜீப் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் பார்த்து, செதில் வந்து, பேரிங் ஊளையிடுவது உறுதியான பிறகுதான் பெட்டியை இறக்க வேண்டும். இறக்கினாலும் முழுப் பெட்டி தேவையா? பேரிங்கின் மேல் நம்பர் பொறித்திருக்கும். அந்த நம்பரைச் சொன்னால் பேரிங் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். சீலுக்கும் அளவு உண்டு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுப் பாகங்களும் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்த பாகங்களும் விற்கிறார்கள் என்பது தமிழ்நாட்டில் வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். மேனுவலில் சொன்ன இடைவெளிக்குத் தக்கபடி ஷிம் வைத்து, சுத்தமாகக் கழுவி, சீல் போட்டு, மூடினால் முடிந்தது. பொறுமை வேண்டும், அளவுகோல் வேண்டும், சுத்தமான மேஜை வேண்டும். கடைசி ஐட்டம்தான் பல பட்டறைகளில் கிடைக்காத ஸ்பேர்.

இவ்வளவு எளிதாக இருந்தும் ஏன் "மாத்திடலாம்ணா"? எல்லா மெக்கானிக்கும் திருடன் என்று சொன்னால் அது சோம்பேறித்தனமான பதில். உண்மையான பதில் பில்லில் இருக்கிறது.

ஒரு பேச்சுக்குச் சில எண்கள். முழுப் பெட்டி 40,000 ரூபாய், பட்டறைக்குப் பாகத்தில் 15 சதவீத லாபம். 6,000 ரூபாய் உள்ளே வரும். அதே வண்டிக்கு 300 ரூபாய் சீலும் பிரீதர் சுத்தமும் போதும் என்று கண்டுபிடிக்க ஒருவர் மூன்று மணி நேரம் செலவழித்தால்? பாகத்தில் லாபம் 45 ரூபாய். அந்த மூன்று மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் வண்டிக்காரர் சொல்லுகிற பதில், "சும்மா பாத்ததுக்கெல்லாமா காசு?" ஆக, யோசித்தவனுக்கு 45 ரூபாய், யோசிக்காதவனுக்கு 6,000. இந்தச் சந்தையில் யோசிப்பவன் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? கண்டுபிடிப்பதற்கு விலை வைக்காத ஊரில் கண்டுபிடிப்பவர்கள் காணாமல் போவார்கள். இந்தக் குற்றத்தில் வாடிக்கையாளருக்கும் பாதிப் பங்கு உண்டு. எக்ஸ்ரேவுக்குக் காசு கொடுக்கிறார், ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கிறார், ஜாதகம் பார்க்கக்கூடக் கொடுக்கிறார். 300 ரூபாயில் முடிய வேண்டியதை 40,000 ஆக்காமல் காப்பாற்றிய மூளைக்கு மட்டும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்.

பொருளாதாரத்தில் இதற்குப் பெயரே உண்டு. டார்பி, கார்னி என்ற இருவர் 1973ல் எழுதிய ஒரு கட்டுரை, வாங்கிய பிறகும் அது தேவைதானா என்று வாங்கியவரால் சோதிக்க முடியாத சரக்கு ஒன்று உண்டு என்றது. நம்பிக்கைச் சரக்கு என்று சொல்லலாம். வாகனப் பழுது அதற்கு அச்சு அசல் உதாரணம். பெட்டியை மாற்றியதும் சத்தம் நின்றுவிடும். மாற்றும்போதே கிராஸ் ஜாயின்டும் புதிதாகப் போட்டிருந்தால் எது சத்தத்தை நிறுத்தியது என்று யாருக்குத் தெரியும்? பழைய பெட்டி எங்கே போனது என்றாவது தெரியுமா? அது கழுவி, பெயின்ட் அடித்து, இன்னொரு வண்டிக்கு ஏறினால் அதையும் கண்டுபிடிக்க வழியில்லை.

இதில் சின்னப் பட்டறையை மட்டும் சாத்துவது நியாயமில்லை. பெரிய இடத்துக் கதையையும் பார்க்க வேண்டும். ஸ்பேர் பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் கார் கம்பெனிகள் வைத்துக்கொள்கின்றன என்று ஒரு நுகர்வோர் கொடுத்த புகாரை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாருதி, மகிந்திரா, டாடா, டொயோட்டா, ஹோண்டா, ஃபோர்டு, பிஎம்டபிள்யூ என்று ரோட்டில் ஓடுகிற பெரிய பெயர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. பாகங்களையும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியே வேலை பார்த்தாலே வாரன்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் விஷயத்தில் தவறு நடந்தது உண்மைதான் என்பதை உறுதி செய்தது. அபராதத்தை மட்டும் மொத்த விற்பனையை விட்டுவிட்டு ஸ்பேர் பாக விற்பனையின் அடிப்படையில் கணக்கிடச் சொல்லிக் குறைத்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று ஒரு இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நாலு துறை அதில் அடக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012லேயே மக்கள் வாக்களித்து வாகனப் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கினார்கள்.

இதெல்லாம் கீழ்பென்னாத்தூர் பட்டறைக்கு ஏன் முக்கியம்? மேனுவல் கிடைக்காதவன், கருவி கிடைக்காதவன், எந்த ஷிம் எவ்வளவு தடிமன் என்று தெரியாதவன், வேறு என்ன செய்வான்? ஊகிப்பான், அல்லது செட்டோடு மாற்றுவான். அறியாமை பாதி தானே வளர்த்தது, பாதி மேலிருந்து பூட்டி வைத்தது. கம்பெனி ஷோரூமில் எல்லாம் இருந்தும் அதே "அசெம்பிளி மாத்தணும் சார்" கேட்கிறதே, அதற்கு என்ன சாக்கு? அங்கே கருவி இருக்கிறது, மேனுவல் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. நேரத்துக்கு இத்தனை வண்டி என்ற டார்கெட்டும் இருக்கிறது. பிரித்துப் பார்ப்பவருக்கு அங்கே மேஜையே ஒதுக்குவதில்லை.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. "பிரித்துப் பண்ணினால் மறுபடி வரும், பொறுப்பு யார் எடுப்பது?" என்று மெக்கானிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காரணம் கண்டுபிடிக்காமல் மாற்றிய பெட்டியும் மறுபடி வரும். பிரீதர் அடைப்போ டயர் அளவோ அப்படியே இருக்கிறதல்லவா? "உழவு சீசன், வண்டிக்காரர் காத்திருக்க மாட்டார்" என்பது இன்னொரு வாதம். மேலே சொன்ன வெளிப் பரிசோதனைகள் அத்தனைக்கும் ஒரு காலை நேரம் போதும். புதுப் பெட்டி வந்து சேர ஆகும் நாட்களைவிட அது குறைவுதான். சில சமயம் மாற்றுவதே சரி என்பதும் உண்மை. ஹவுசிங் விரிந்துவிட்டால், முக்கியப் பல்சக்கரங்கள் கூட்டமாகச் சிதைந்துவிட்டால், பாகம் தனியாகக் கிடைக்கவே கிடைக்காது என்றால், மாற்றத்தான் வேண்டும். அந்த முடிவுக்கு வருவதற்கும் ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

அதனால் வண்டிக்காரர் கேட்க வேண்டியவை நான்கு. என்ன பழுது, எப்படித் தெரிந்தது என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதிக் கொடு. வடித்த ஆயிலையும் காந்தத்தையும் காட்டு. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடு. பில் கொடு. கடைசி ஒன்றைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் கொடுக்காமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறையில் சேர்த்திருக்கிறது. கையில் சீட்டும் பழைய பாகமும் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பேச ஒரு ஆதாரம் இருக்கும். ஒன்றும் இல்லாமல் போனால் புலம்பல்தான் மிச்சம்.

மெக்கானிக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. கண்டுபிடிக்கிற வேலைக்குத் தனியாகக் கூலி. அதைப் போர்டில் எழுதி மாட்ட வேண்டும். "பழுது பார்த்துச் சொல்ல இவ்வளவு, சரிசெய்ய இவ்வளவு" என்று. முதல் நாள் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். 300 ரூபாயில் வேலை முடிந்து வெளியே போகிற முதல் டிராக்டர்காரர் மீதியை ஊருக்குச் சொல்லிவிடுவார்.

கூலியைக் கொடுக்க வண்டிக்காரரும், கேட்க மெக்கானிக்கும் கூச்சப்படுகிற வரைக்கும் "மாத்திடலாம்ணா" தான் தேசிய கீதம். அந்தக் கூச்சத்தின் விலையை ஒவ்வொரு உழவு சீசனிலும் யாரோ ஒருவர் வட்டிக்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பி.கு.: இதைப் படித்துவிட்டு ஸ்பானரைத் தூக்குகிறவர்களுக்கு. டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியரில் போட்டு நிறுத்திய வண்டியும் உருளும், ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிங்கில் போட்டிருந்தாலும் உருளும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது.